வெளிச்சமான கண்ணாடி

என்னிடம் இருக்கும் ஒரு பழைய லென்ஸை விலைக்குக் கேட்டு, இந்த மூன்று மாதத்தில் நான்கு பேர் வந்து போய்விட்டார்கள். நான்கு பேருக்குமே வயது முப்பதுக்குள். யார் யாரிடம் சொன்னார்களோ தெரியவில்லை, முத்தியால்பேட்டைப் பையன் ஒருவன் மூலமாகச் செய்தி சென்னை வரைக்கும் போயிருக்கிறது. கடைசியாக வந்தவர் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து லென்ஸுக்குப் பின்னால் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண் டாக்டர் மாதிரி உள்ளே பார்த்தார். பிறகு ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றார்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "இன்னாங்க, கொடுத்துடுங்களேன். மாடி ஒழுகுது."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். இருபது வருஷம் பெட்டியில் சும்மா கிடந்த பொருளுக்கு இந்த விலையா என்று என் மனைவி கேட்டதற்கு நான் சொன்ன பதில் ஒரு மணி நேரம் ஓடியது. அவள் பாதியிலேயே முருங்கைக்கீரை ஆய எழுந்து போய்விட்டாள். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸின் முகப்பு வளையத்தில் 'பி. ஆன்ழெனியே, பாரிஸ்' என்று பொறித்திருக்கும். குவியத் தூரம் 90 மில்லிமீட்டர், திறப்பு 1.8. பிரெஞ்சு 'ஜ'வைத் தமிழில் எழுத நம்மிடம் சரியான எழுத்து இல்லை. எங்கள் ஊரில் பலரும் 'ழ' போட்டு ஒப்பேற்றுவோம், நீங்களும் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். பியேர் ஆன்ழெனியே 1907ல் சேந்த் எத்தியென் நகரத்துக்குப் பக்கத்தில் சேந் எயான் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1935ல் தன் பெயரிலேயே தொழிலைத் தொடங்கினார். எஸ்.எல்.ஆர். கேமராவில், உள்ளே ஆடும் கண்ணாடியில் இடிக்காமல் அகலக் கோண லென்ஸ் வைக்க 1950ல் வழி கண்டுபிடித்தவர் அவர்தான். 1964ல் ரேஞ்சர் 7 விண்கலம் நிலாவில் போய் மோதுவதற்கு முன் எடுத்து அனுப்பிய படங்களில் அவருடைய லென்ஸுக்கும் பங்கு உண்டு. சினிமாக்காரர்களுக்கு அவருடைய ஜூம் லென்ஸ் தெரியும். ஸ்டில் கேமராவுக்கு அவர் செய்தது குறைவு. அதனால்தான் இந்த விலை என்பது ஒரு காரணம். ஆனால் அரிதாக இருப்பதெல்லாம் ஆசைப்பட வைப்பதில்லை. என் பீரோவில் 1971ம் வருஷத்து அலுவலக நாட்காட்டி ஒன்று இருக்கிறது, அதுவும் அரியதுதான். யாரும் டார்ச் அடித்துப் பார்க்க வரவில்லை.

இந்த லென்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது என் தாய்மாமா வழியாக. மாமா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களை அப்படித்தான் சொல்வோம். மாமா இந்தோசீனாவில் இருந்துவிட்டுப் பிறகு பிரான்சுக்குப் போனார். அங்கே மர்செய் நகரத்தில் ஒரு கடையில் எக்ஸாக்டா கேமராவையும் இந்த லென்ஸையும் வாங்கியதாகச் சொல்வார். எக்ஸாக்டா கிழக்கு ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்துச் சரக்கு. இடதுகைக்காரர்களுக்காகச் செய்தது போல இருக்கும். படம் எடுக்கும் பொத்தான் இடது பக்கம், ஃபிலிம் சுற்றும் நெம்புகோலும் இடது பக்கம். சொடுக்கியதும் வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும். மறுபடி ஃபிலிமைச் சுற்றினால்தான் வெளிச்சம் வரும். எடுத்த நொடியில் எதிரே என்ன நடந்தது என்று எடுத்தவனுக்கே தெரியாது.

நான் பிரெஞ்சு வழியில் பிரவே வரைக்கும் படித்தவன். லென்ஸுக்கு நாங்கள் படித்த சொல் 'ஒப்ழெக்தீஃப்'. நோக்கம், இலக்கு என்பதற்கும் அதே சொல்தான். திறப்பு பெரிதாக இருக்கும் லென்ஸை இங்கிலீஷ்காரன் 'ஃபாஸ்ட்' என்கிறான், வேகமான லென்ஸ். பிரெஞ்சுக்காரன் 'லுமினெ' என்பான், வெளிச்சமானது. ஒரே பொருள்தான், இங்கிலீஷ்காரன் அதனால் ஷட்டர் எவ்வளவு வேகமாக அடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறான், மற்றவன் உள்ளே எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பார்க்கிறான். அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் இங்கிலீஷில் கோப்பு எழுதியும் இந்த ஒரு சொல்லில் நான் பிரெஞ்சுக்காரன் பக்கம்.

கணக்கு எளிது. குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த 1.8, 2.8, 8 எல்லாம். 90ஐ 1.8ஆல் வகுத்தால் 50. அதாவது இந்த லென்ஸை முழுதாகத் திறந்தால் 50 மி.மீ. அகலத்துக்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. எட்டில் வைத்தால் 11 மி.மீ. மட்டுமே. நீளமான லென்ஸில் இதே அளவு வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கண்ணாடி இன்னும் பெரிதாக வேண்டும், அதைப் பிழையில்லாமல் தேய்க்க வேண்டும். எடையும் விலையும் ஏறிக்கொண்டே போகும். இதில் பெயர்பெற்றது ஜெர்மனியின் ட்சைஸ் நிறுவனம் 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டிக் கொண்டுவந்த 180 மி.மீ. 2.8 ஸோனார். ஒரு கிலோவுக்கு மேல் எடை, முகப்பில் 64 மி.மீ. திறப்பு. இன்றைக்கும் அதை 'ஒலிம்பியா ஸோனார்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஸோனார் என்ற அமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லூட்விக் பெர்டெலே என்பவர் வடிவமைத்தது. அவர் காலத்தில் கண்ணாடி மேல் பூசும் பூச்சு வரவில்லை. ஒவ்வொரு கண்ணாடியும் காற்றைத் தொடும் இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பிவிடும். அப்படித் திரும்பியது உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளுக்க வைக்கும். பெர்டெலே இரண்டு மூன்று கண்ணாடிகளைப் பசை வைத்து ஒன்றாக ஒட்டினார். ஏழு கண்ணாடி இருந்தாலும் காற்றைத் தொடும் முகங்கள் ஆறுதான். அதனால் இருட்டில் கூடப் படம் அழுத்தமாக வந்தது. போருக்குப் பிறகு சோவியத்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் ஜூப்பிட்டர் என்ற பெயரில் செய்தார்கள். 85 மி.மீ. ஜூப்பிட்டர் 9க்கு உள்ளே பதினைந்து இதழ் கொண்ட திறப்பு, வட்டம் என்றால் அசல் வட்டம். ஜப்பானில் நிக்கானும் ஸோனாரைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். 1950ல் டோக்கியோவில் ஜுன் மிக்கி என்ற இளைஞர், லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை 85 மி.மீ. நிக்கார் லென்ஸால் ஒரு படம் எடுத்துக் காட்டினார். டங்கன் அசந்துபோய், அந்தத் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்துவிட்டு, கொரியப் போருக்கு அந்த லென்ஸ்களோடு கிளம்பினார். நிக்கான் பெயர் அமெரிக்காவில் பரவியது அதற்குப் பிறகுதான்.

சரி, இதெல்லாம் எதற்காகச் செய்தார்கள்? வெளிச்சம் போதாது என்பதற்காக. ஃபிலிம் அன்று மந்தம். நான் வாங்கிய ஓர்வோ கறுப்பு வெள்ளைச் சுருள் 125 ஏ.எஸ்.ஏ. இன்று உங்கள் செல்போன் தெருவிளக்கில் சாதாரணமாக எடுக்கும் படத்தை, அந்தச் சுருளில் எடுக்க ஆளைச் சிலையாக நிற்க வைக்க வேண்டும். மேடை நாடகம், கோயில் மண்டபம், மழைநாள், பொழுது சாய்ந்த நேரம், இதற்குத்தான் பெரிய திறப்பு. அது ஆபத்துக் காலத்துக்கு வைத்திருக்கும் பணம் மாதிரி. மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: "வெயில்ல எட்டு வை. நெழல்ல நாலு வை. வேற வழியே இல்லன்னாத்தான் முழுசாத் திறக்கணும்."

ஏன் என்றால், முழுதாகத் திறந்தால் இரண்டு 'கெடுதல்' வரும். ஒன்று, தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவரை இந்த லென்ஸால் 1.8ல் எடுத்தால், தெளிவு சுமார் 3 செ.மீ. ஆழத்துக்குத்தான். கண் தெளிவாக இருந்தால் காது கரைந்துவிடும். எட்டில் வைத்தால் அதுவே 14 செ.மீ. ஆகும், முகம் முழுக்க அடங்கிவிடும். இரண்டாவது, கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் வெளிச்சமும் நடு வழியாக வரும் வெளிச்சமும் ஒரே இடத்தில் சேராது. இன்றைய லென்ஸ்களில் வளைவையே மாற்றித் தேய்த்து அதைச் சரி செய்துவிடுகிறார்கள். பழையதில் அப்படியே இருக்கும். அதனால் தெளிவான கோட்டின் மேலேயே மெல்லிய பனி படர்ந்த மாதிரி ஒரு படலம் விழும். வெள்ளைப் புடவை என்றால் ஓரம் ஒளி விடும்.

மாமாவின் தலைமுறை இந்த இரண்டையும் குறையென்று சொல்லிப் பொறுத்துக்கொண்டது. இப்போது என் வாசலுக்கு வரும் பிள்ளைகள் அந்தக் குறைக்காகத்தான் ஒன்றரை லட்சம் நீட்டுகிறார்கள். வெளிச்சப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. பஞ்சத்துக்காகச் செய்த பொருளோடு கூட வந்த பக்க விளைவு மட்டும் மிச்சமாக நின்று, அதுவே சரக்காகிவிட்டது. அதற்கு ஜப்பானியச் சொல் ஒன்றை வைத்து 'பொக்கே' என்கிறார்கள். 1997ல் ஓர் அமெரிக்கப் புகைப்படப் பத்திரிகை எழுதியதிலிருந்து அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. நாங்கள் 'ஃப்ளூ' என்போம், மங்கல். ஃப்ளூ என்று மாமா சொன்னால் அது திட்டு.

பொக்கேயைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் அதில் ஒரு வழக்கு இருக்கிறது.

1979ல் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அம்மாவை ஒரு படம் எடுத்தேன். அம்மாவுக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் பல பெண்களுக்கு இருந்தது, அம்மாவுக்கும் இருந்தது. கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். 90 மி.மீ. லென்ஸில் ஒரு வசதி, வாசற்படியிலேயே நின்றுகொள்ளலாம். முகம் நிறைந்துவிடும், ஆனால் ஆள் தள்ளி இருப்போம். மூக்கு பெரிதாகத் தெரியாத காரணமும் அதுதான். பலரும் லென்ஸின் மகிமை என்று நினைக்கிறார்கள். உண்மையில் முகத்தின் அளவை மாற்றுவது தூரம். கையெட்டும் தூரத்தில் செல்போனை நீட்டி எடுத்தால் யாருக்கும் மூக்கு முன்னே வரும். ஐந்தடி தள்ளி நின்றால் எந்த லென்ஸிலும் முகம் முகமாக இருக்கும், நீண்ட லென்ஸ் அந்த முகத்தைச் சட்டம் நிறையக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

காலை ஏழு மணி இருக்கும். கிழக்கு ஜன்னல் ஒன்றுதான், புகை வேறு. மாமா கொடுத்த லைட் மீட்டர் முப்பதில் ஒரு பங்கு நொடி, 1.8 என்றது. வேறு வழியே இல்லாத நிலைமை, முழுதாகத் திறந்தேன். அம்மா இட்லிப் பானையைப் பார்த்துக்கொண்டே யாரையோ பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொடுக்கினேன், இருட்டாகிவிட்டது. சுற்றிவிட்டு மறுபடி பார்த்தபோது அம்மா என்னைப் பார்த்து, "வேல இல்ல ஒனக்கு?" என்றார்கள்.

பிரிண்ட் வந்ததும் வீட்டில் சபை கூடியது. மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கண் தெளிவு, இன்னொரு கண் கொஞ்சம் கரைசல். மூக்குத்தி பளிச். காது இல்லை, கொண்டை இல்லை, பின்னால் இருந்த பித்தளைக் குடங்கள் எல்லாம் நான்கு வெளிச்ச உருண்டை. "ஃப்ளூ" என்றார் மாமா. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, காது எங்க போச்சி? போன மாசந்தான் தோடு அழிச்சிப் பண்ணேன்" என்றார்கள். அத்தையும் சித்தியும் அதையே சொன்னார்கள். பிரிண்ட் என் பிரெஞ்சு அகராதிக்குள் போனது.

1983ல் அம்மா போய்விட்டார்கள். பதினாறாம் நாளுக்கு மாட்டப் படம் வேண்டும். அந்தக் காலத்து வழக்கப்படி, ஒரு கல்யாணக் குரூப் போட்டோவிலிருந்து அம்மா தலையை மட்டும் எடுத்து, ஸ்டூடியோவில் பெரிதாக்கி, தூரிகையால் புருவமும் உதடும் தீட்டி, பின்னால் நீலம் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு காதும் இருந்தது. தோடு கூட வரைந்திருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படத்துக்குத்தான் பொட்டு வைத்தோம். அது அம்மாதான் என்று எங்களுக்கு நாங்களே பழகிக்கொண்டோம்.

என் மகள் விடுமுறைக்கு வந்தபோது பழைய நெகட்டிவ்களை எல்லாம் ஸ்கேன் செய்தாள். அடுப்பங்கரைப் படம் திரையில் வந்ததும் கை நின்றுவிட்டது. "அப்பா, இது யார் எடுத்தது?" என்றாள். அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியது அவள்தான். கொஞ்ச நாள் கழித்து என் அக்கா வந்தார்கள், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நாற்காலியில் உட்காராமல் அதன் முன்னால் நின்றார்கள். "அம்மா நம்ம மூஞ்சியப் பாத்து எங்கடா பேசனாங்க? அடுப்பப் பாத்துத்தான் பேசுவாங்க" என்றார்கள். 1979ல் சபையில் அக்காவும் இருந்தார்கள். காது எங்கே என்று அன்று கேட்டவர்களில் அவர்களும் உண்டு. இன்று காதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தெளிவு விழுந்திருப்பது கண்ணில் கூட இல்லை, மூக்குத்தியில். கண்ணுக்கு ஒரு விரற்கடை முன்னால். 3 செ.மீ. ஆழத்தின் பின்விளிம்பில் கண் தொற்றிக்கொண்டு நிற்கிறது. கண்ணின் மேல் அந்தப் பனி இருக்கிறதல்லவா, அதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணிலேயே ஃபோகஸ் விழுந்திருந்தால் இன்னும் நல்ல படமாக இருந்திருக்குமா என்று என் மகளும் நானும் பேசிப் பார்த்தோம். அவள் இல்லை என்றாள். எனக்குத் தீர்மானமில்லை.

இந்த மாதிரி லென்ஸ்களால் எடுத்த முகங்களில் உலகம் அறிந்தது, ஸ்டீவ் மெக்கரி 1984ல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த அந்தப் பச்சைக் கண் சிறுமியின் படம். நிக்கார் 105 மி.மீ. 2.5. அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்தது. அந்த லென்ஸ் இன்றைக்கும் பழைய சாமான் சந்தையில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. இந்த ஆசை வந்தவர்களுக்கு என் யோசனை அதுதான், அல்லது ஒரு ஜூப்பிட்டர். ஆன்ழெனியே பின்னால் ஓட வேண்டாம். பெயருக்குக் கொடுக்கும் காசு அதிகம்.

ஏன் திடீரென்று எல்லாரும் பழைய லென்ஸ் தேடுகிறார்கள் என்பதற்கு ஒரு எந்திரக் காரணமும் உண்டு. எக்ஸாக்டா லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சுமார் 45 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆடும் கண்ணாடி இருக்கும் டிஜிட்டல் கேமராக்களிலும் ஏறக்குறைய அதே இடைவெளிதான், நடுவில் வளையம் நுழைக்க இடமில்லை. கண்ணாடியை எடுத்துவிட்ட கேமராக்கள் வந்த பிறகு கதை மாறியது. 2013ல் சோனி ஆல்ஃபா 7 வந்தபோது, பழைய ஃபிலிம் அளவு சென்சார், இடைவெளி 18 மி.மீ. மட்டும். மீதி இடத்துக்கு ஓர் இரும்பு வளையம் போட்டால் உலகத்தில் உள்ள பழைய லென்ஸ் எல்லாம் உட்காரும். தெளிவாக விழும் விளிம்புகளில் திரையே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். என்னைப் போல வலது கண்ணில் புரை எடுத்து, டாக்டர் உள்ளே வைத்த ஒரே தூரத்துக்கான லென்ஸோடு வாழ்பவனுக்கு அது பெரிய உபகாரம். என் கண்ணில் இருக்கும் லென்ஸில் ஃபோகஸ் வளையம் கிடையாது.

என் பேத்தி பாரிசிலிருந்து வீடியோவில் பேசும்போது, செல்போனிலேயே இதெல்லாம் வருகிறதே தாத்தா என்று ஒரு படத்தைக் காட்டினாள். அவள் தோழி ஒருத்தி, பின்னால் எல்லாம் மங்கல். போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான், அதில் இவ்வளவு மங்கல் இயற்கையில் வராது. கணக்குப் போட்டு, ஆளைக் கத்தரித்து, பின்னால் பூசுகிறது. பார்க்க நன்றாகவே இருந்தது. தோழியின் சுருட்டை முடியில் நாலைந்து இழையை மட்டும் பின்னணி என்று நினைத்துக் கரைத்திருந்தது. கண்ணிலிருந்து காதுக்கு, காதிலிருந்து கொண்டைக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போவது அதில் இல்லை. நான் சொன்னதும் அவள் முடியைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க இதையெல்லாமா பாக்கறீங்க?" என்றாள்.

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடலோரத்து ஈரம் லென்ஸுக்கு எமன். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் படரும். முற்றிப்போனால் பூச்சை மட்டுமில்லை, கண்ணாடியையே அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு போகாது. டார்ச் அடித்துப் பார்த்தவர் தேடியது அதைத்தான். ஒட்டிய கண்ணாடிகளின் பசை விட்டுப்போவதும் உண்டு, ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் தெரியும். உள்ளே போட்ட கிரீஸ் நம் வெயிலில் இளகித் திறப்பு இதழ்களில் வழிந்து ஒட்டிக்கொள்ளும். மாமா பிஸ்கட் டின்னில், வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து கூடவே வைப்பார், மாதம் ஒருமுறை வெயில் காட்டுவார். நான் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீலம் ரோஸாக மாறினால் இரும்புச் சட்டியில் வறுத்து மறுபடி நீலமாக்குவேன். அந்தச் சட்டியில் வேறெதுவும் செய்யக்கூடாது என்பது வீட்டில் எனக்கு இட்ட கட்டளை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அகவிலைப்படி நிலுவை வந்தது, மாடிக்குத் தட்டோடு போட்டுவிட்டோம். லென்ஸை விற்கவில்லை. நான்கு பேரில் மூன்று பேருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்டது கண்ணாடியின் நிலைமையும் வரிசை எண்ணும்தான். முத்தியால்பேட்டைப் பையன் மட்டும் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை அடி தூரத்துல நின்னீங்க சார்?" என்று கேட்டான்.

அவனுக்கு இரவல் கொடுத்தேன். ஒரே நிபந்தனை: எடுக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும், நன்றாக வந்ததைக் காகிதத்தில் அச்சடித்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். ஜூலை 14க்கு முந்தின நாள் எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் சொல்தாக்களும் அவர்கள் குடும்பத்தாரும் விளக்கு ஏந்திப் போவார்கள். வருஷத்துக்கு வருஷம் ஆள் குறைகிறது. பையன் அன்று சாயங்காலம் போய் நூற்றுப் பதினேழு படம் எடுத்திருக்கிறான். 1.8ல், காகித விளக்கு வெளிச்சத்தில். மறுநாள் உம்மென்று வந்து நின்றான். "பதினொன்னுதான் சார் தேறுது" என்றான்.

பதினொன்றையும் மேசைமேல் பரப்பினோம். பதக்கம் தெளிவாகவும் முகம் பனியாகவும் ஒன்று. விளக்குக் காகிதத்தின் மடிப்பு மட்டும் தெளிவாக ஒன்று. ஐந்தாவதில் ஒரு கிழவர், எனக்குத் தெரிந்தவர்தான், மாமாவோடு ஒரே ரெஜிமெண்ட். தொப்பியின் விளிம்பும் இடது கண்ணும் தெளிவு. காது இல்லை. அதை இரண்டு பிரதி போடச் சொன்னேன். ஒன்று அவருக்கு. கொடுக்கப் போகும்போது நானும் வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பெரியவர் படத்தை வாங்கி விளக்குக்கு அடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பையனிடம் பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் சொன்னார். பையனுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தான். "இன்னும் ஒண்ணு வேணுமாம்" என்றேன். "மகளுக்கு அனுப்பணுமாம்."